உப்புத் தண்ணியும் மஞ்சள் அட்டையும்

ஜூலை 7, திங்கள்
அம்மாவுக்கு மறுபடியும் நீர்க்கடுப்பு. இந்த வருஷத்துல நாலாவது. மாத்திரை போட்டா போகுது, அப்புறம் சொல்லாம கொள்ளாம திரும்பி வருது. ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில அம்மா பேர் குடுத்திருக்காங்க. தண்ணி நிறைய குடிச்சா திரும்ப வர்றது குறையுதான்னு பாக்குறாங்களாம். ஆராய்ச்சி நர்ஸ் சுகுணா அக்கா ஒரு பெரிய ஸ்டீல் பாட்டில் குடுத்தாங்க. கம்பெனிக்கு எடுத்துட்டுப் போய் தினமும் காலி பண்ணணும். நிரப்புறது நான். விஞ்ஞானத்துக்கு என் பங்கு: குழாயைத் திறப்பது.

ஜூலை 10, வியாழன்
பாட்டில்ல மூணு ஸ்பூன் உப்பு போட்டு அனுப்பினேன். சாயங்காலம் காலி பாட்டில் வந்துச்சு.
"தண்ணி எப்படிம்மா இருந்துச்சு?"
"தண்ணி மாதிரிதான் இருந்துச்சு. போய்ப் படி."
மூக்கண்டப்பள்ளியிலேயே பெரிய கேடி நான்தான்னு நினைச்சிருந்தேன். ஆராய்ச்சிக்கே தண்ணி காட்டுற ஆளு அடுப்படியில வெங்காயம் உரிச்சிட்டிருக்கு.

ஜூலை 11
கேட்டேன். "ஆமா, கொட்டிட்டேன். இப்ப என்னாங்கற?"
கம்பெனியில அம்மா வேலை பாக்குற மிஷின் வரிசையில அத்தனை பொம்பளைங்களுக்கும் பாத்ரூம் போக ஒரே மஞ்சள் அட்டை. ஆணியில தொங்கும். எடுத்துட்டுப் போனவங்க திரும்பினாத்தான் அடுத்த ஆள். ரெண்டாவது தடவை எடுத்தா சூப்பர்வைசர் திம்மராயன், "ஏம்மா, சுகரா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேப்பாராம். அதான் அம்மா அங்க ஒரு சொட்டுகூடக் குடிக்கிறதில்ல.
சுகுணா அக்காகிட்ட சொல்லுன்னா, "மானம் போயிரும்டி."
அப்ப ஆராய்ச்சியில என்ன எழுதுவாங்க? தண்ணி குடிச்சும் பலனில்லைன்னா? அடுத்த தடவை கிட்னிக்கு ஏறிடலாம்னு டாக்டர் வேற சொல்லியிருக்கார்.
பயமா இருக்கு. எனக்கு. எனக்கே.

ஜூலை 12, சனி
அம்மா அவசரத்துல அட்டையை யூனிஃபார்ம் பாக்கெட்லயே வீட்டுக்குக் கொண்டுவந்துட்டாங்க. அவங்க தலையில கை வெச்சு உக்காந்தாங்க. நான் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். கலர், ரெண்டு பக்கமும், லேமினேஷன்.

ஜூலை 14
ரெண்டு அட்டையை நீட்டினேன். எது அசல்னு அம்மாவுக்கே தெரியல. "மாட்டினா வேலை போயிரும்டி, சனியனே." நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.
ஆனா அவங்க போனப்புறம் வீடு பூரா தேடிட்டேன். ரெண்டு அட்டையும் இல்ல.

ஜூலை 20, ஞாயிறு
அம்மாவுக்குப் பக்கத்து மிஷின் மங்கம்மா அத்தை வந்து என் கன்னத்தைக் கிள்ளினாங்க. "இன்னொண்ணு அடிச்சுக் குடேன் கண்ணு." ஒரு அட்டை ஆணியில தொங்க, இன்னொண்ணு பொம்பளைங்க கைக்குள்ளேயே சுத்துதாம். ஆக, திம்மராயன் இன்னும் கண்டுபிடிக்கல.
அம்மாவே சுகுணா அக்காவுக்கு போன் போட்டாங்க. "மொத வாரம் பூரா கீழதான் ஊத்தினேன்மா." அட்டை கதையும் சொன்னாங்க — அசலை வீட்டுக்குக் கொண்டுவந்தது வரைக்கும். அக்கா திட்டலையாம். இனிமே ஆராய்ச்சிக்கு வர்ற எல்லாரையும், வேலையில பாத்ரூம் போக விடுறாங்களான்னும் கேக்கப் போறாங்களாம்.

ஆகஸ்ட் 27, புதன்
கை சும்மா இருக்கல. ஒரே ஒரு ஸ்பூன் உப்பு.
சாயங்காலம் செருப்பைக் கழட்டாமலே கத்தல். "எங்க அந்த எருமை? ஒரு வாய் குடிச்சு மிஷின் மேலயே துப்பிட்டேன்டி. கம்பெனி குழாய்ல போய்ப் புடிச்சுக் குடிச்சேன்."
துடைப்பத்தோட வீட்டைச் சுத்தித் துரத்தினாங்க. மூணாவது சுத்துல அவங்களே நின்னுட்டாங்க. அவசரமா பாத்ரூம் போகணுமாம்.