உன் கைக்கு வரவேண்டிய காப்பு

இன்று வேஷத்துக்கு அரிதாரம் குழைக்க உட்கார்ந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கை ஓடவில்லை. நேற்றுத்தான் உன் தம்பி பொம்மிடியில் ரயில் இறங்கி நேராக என்னிடம் வந்து, பெங்களூரில் நீ காய்ச்சலில் போய்விட்டதைச் சொன்னான்.

பதினைந்து வருஷம் இருக்குமா? மாரியம்மன் திருவிழாக் கூத்தில், அண்ணனைக் கொன்று பட்டமேறும் ராஜா வேஷம் உனக்கு. நான் வெறும் மந்திரி. குரலும் உனக்குத்தான், ஊர் மெச்சியதும் உன்னைத்தான். எனக்கு வயிறு எரிந்தது. இனி மறைத்து என்ன பயன்?

ராஜா வேஷக்காரனுக்குக் கோயிலில் காப்புக் கட்டுவார்கள். கட்டினால் திருவிழா முடியும்வரை அவிழ்க்கக் கூடாது. சாவுத் தீட்டு உள்ளவனுக்குக் கட்டவும் கூடாது. அன்று காலையில் ஓடிவந்து, "கடத்தூர் சந்தையில சொன்னாங்கடா, உங்க சித்தப்பா தவறிட்டாராம்" என்று வாய் கூசாமல் சொன்னேன். நீ துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாய். காப்பு என் கையில் ஏறியது.

சாயங்காலம் புழுதியோடு திரும்பி வந்து என் கையைப் பார்த்தாய். "எவனோ புளுகியிருக்கான்டா. சித்தப்பா குண்டுக்கல்லாட்டம் உக்காந்து களி தின்னுட்டிருக்காரு. அது போதும் எனக்கு" என்று சிரித்தாய். பிறகு நீயே என் முகத்துக்கு அரிதாரம் பூசினாய்.

அந்த ராஜா அண்ணனை ஏன் கொன்றான் என்று உன்னைக் கேட்டேன். கூத்து வாத்தியார் நாட்டாசை என்பார். நீ, "நாடு எதுக்குடா அவனுக்கு? அண்ணன் அதுல உக்காந்திருக்கறதப் பாக்க முடியல, அவ்வளவுதான்" என்றாய். பட்டமேறிய பிறகு எதற்குப் பயப்படுகிறான் என்று கேட்டேன். "சாவுக்கு இல்லடா. உண்மை தெரிஞ்சவன் ஒருத்தன் எதிர்ல வந்து நின்னுருவானோன்னு" என்றாய்.

புருவம் தீட்டிய உன் விரல் நடுங்கவில்லை. நான்தான் நடுங்கினேன். சபையில் அதை நடிப்பென்று ஊரே மெச்சியது.

அடுத்த மாதம் நீ ரயிலேறினாய். அதன்பின் ராஜா வேஷம் எனக்கே என்றானது. ஒரு திருவிழாவுக்கும் நீ வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். நீ வரவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியை நினைத்தால் என்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

அண்ணன் ஏன் ஊர்ப்பக்கமே வரவில்லை என்று நேற்று உன் தம்பியைக் கேட்டேன். அவன் ஒன்றும் தெரியாமல் சொன்னான்: "நானும் கேட்டனுங்க. 'நான் போயி முன்னால உக்காந்தா அவனுக்குப் பாட்டு வராது, பாவம்'னு சொல்லுச்சுங்க."

கூத்தில் அந்த ராஜாவைக் கடைசியில் வெட்டிவிடுவார்கள். அவன் பாடு அத்தோடு தீர்ந்துவிடும். நீயோ எல்லாம் தெரிந்தும் ஒரு வார்த்தை வையாமல் போய்விட்டாய். நான் யார் முன்னால் போய்க் கழுத்தை நீட்டுவேன்?