நாற்காலி மூழ்கும் நாள்

மார்ச் 11
பனி அள்ளி அள்ளி இடுப்பு போய்விட்டது. கொரின் மூன்றாவது முறையாக வந்தாள், அதே நீலக் கோப்போடு. ஓடைகளை மீட்கும் திட்டத்தில் வேலை பார்க்கிறவள். நல்ல பெண், கோபப்படவும் விடமாட்டாள். அணையை இடிக்கும் செலவு முழுக்க அவர்களுடையது, கையெழுத்துப் போட்டால் எனக்கும் ஒரு தொகை. இல்லையென்றால் நானே செப்பனிட வேண்டும் என்கிறது அரசாங்கம். வீட்டை விற்றால்தான் முடியும். தாத்தாவின் மர அறுவை ஆலை நின்று நாற்பது வருடம். அணை மட்டும் ஒழுகிக்கொண்டு கிடக்கிறது. வெள்ளத்தில் உடைந்தால் கீழே இரண்டு வீடுகள். எனக்குத் தெரியாதா?

தம்பியிடம் எப்படிச் சொல்வது? அணை என் பெயரில், குளத்துப் போட்டி அவன் பெயரில். அப்பா பிரித்துக் கொடுத்த லட்சணம்.

மார்ச் 19
சொல்லிவிட்டேன். வென்டெல் காபியைத் தொடவே இல்லை.

இருபத்திரண்டு வருடமாகப் போட்டியை நடத்துகிறான். உறைந்த குளத்தின் நடுவே ஓர் இரும்பு நாற்காலி. பனி இளகி அது எந்த நாள், எத்தனை மணிக்கு மூழ்கும் என்று ஊரே சீட்டு வாங்கும். நாற்காலியில் கட்டிய கயிறு கரையிலுள்ள கடிகாரத்தின் ப்ளக்கைப் பிடுங்கும். கடிகாரம் நிற்கிற நேரம்தான் தீர்ப்பு. தீயணைப்பு நிலையத்துக்குக் குழாய் வாங்கியதே அந்தப் பணத்தில்தான்.

"குளம் இல்லாம நாற்காலிய எங்கக்கா வைக்கிறது? உன் தலையிலயா?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

"காசு குடுத்தா அப்பா கல்லறையையும் பேத்துக் குடுத்துடுவ நீ."

இதைச் சொல்லிவிட்டுப் போனான். என்ன பேச்சுடா இது? என்கிட்டயா?

ஏப்ரல் 17
மதியம் 2:15. நாற்காலி மூழ்கியது. ஜன்னலில் பார்த்துவிட்டு அவனுக்குப் போன் செய்தேன். "தெரியும்" — அவ்வளவுதான், வைத்துவிட்டான்.

ஏப்ரல் 18
கையெழுத்துப் போட்டேன். அசதி மட்டும்.

மே 16
ஏல்வைஃப் மீன்கள் வந்துவிட்டன. முட்டையிட மேலே ஏரிக்குப் போக வேண்டும். கடலிலிருந்து இவ்வளவு தூரம் ஏறிவந்து அணையடியில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. கடற்பறவைகளுக்கு விருந்து. வருடா வருடம் இதைப் பார்க்க வருகிறவன் வரவில்லை.

ஜூன் 23
தபால் நிலையத்தில் ஒருத்தி: "குளத்த வித்துட்டு ஃப்ளோரிடா போறியாமே?" ஆமாம், பெட்டி கட்டியாச்சு என்றேன். காரில் உட்கார்ந்து அழுதேன். அவளுக்காக இல்லை. வென்டெலின் வண்டி எதிரே வந்தது. பார்க்காத மாதிரி போய்விட்டான்.

ஆகஸ்ட் 6
மதகைத் திறந்து நாலு நாளாகத் தண்ணீரை வடிக்கிறார்கள். ஒரே சேற்று நாற்றம். இன்று குளத்தின் நடுத்தரை தெரிந்தது.

நாற்காலிகள்! சாய்ந்தும் குப்புறவும், ஒரு கூட்டமே. ஒவ்வொன்றின் முதுகிலும் வருடம் எழுதியிருக்கிறது.

மூழ்கியதைக் கயிற்றால் இழுத்துக் கரையேற்ற வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவனே வென்டெல்தான். ஏற்றிவிட்டேன், குப்பைக்கிடங்கில் போட்டுவிட்டேன் என்று வருடா வருடம் சொன்னவனும் அவன்தான்.

ஆகஸ்ட் 7
இயந்திரம் இறங்குமுன் குப்பையை எடுத்தாக வேண்டும் என்றாள் கொரின். "யாருதுங்க இதெல்லாம்?" தெரியாது என்றேன். அவனுக்குப் போன் செய்தேன். நாற்காலி என்றதும், "வேற யாரும் பாத்தாங்களா?"

அரை மணியில் வந்தான். இடுப்புவரை ரப்பர் உடுப்பு, கழுத்தில் உயிர்காப்பு மிதவை வேறு. கணுக்கால் சேற்றுக்கு! ஐந்து மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "எண்ணாதேக்கா."

எண்ணவில்லை. இருவருமாக இழுத்தோம். பாதியில் அவனே சொன்னான்.

"எழுபது கிலோ இரும்பு, அதுவும் பனித்தண்ணியிலக்கா. இழுத்தா என்னையும் சேத்து இழுக்குது. மொத வருஷமே கயித்த அறுத்துட்டேன்... எனக்கு நீச்சல் தெரியாது."

"தீயணைப்புல இருக்கிறவனுக்கா?"

"நெருப்புன்னா பயமில்ல."

காலே வைக்கப் பயந்த அந்தத் தண்ணீருக்காகத்தான் என்னோடு பேசாமல் இருந்தான். திட்ட வாயெடுத்தேன், சிரிப்புதான் வந்தது. அவனும் சிரித்தான், சேற்று மூக்கோடு.

செப்டம்பர் 20
அணை போயிற்று. விழுகிற சத்தம் இல்லை, ஓடுகிற சத்தம். பழக இன்னும் நாளாகும்.

மே 13
கல்லுக்கு நடுவில் ஓடை போகிறது. கரையில் வென்டெல் மறுபடி கடிகாரத்தை நட்டு, பத்து நாளாக ஓர் இரும்பு நாற்காலியில் காவல் இருக்கிறான். முதல் ஏல்வைஃப் பழைய அணையிடத்தைத் தாண்டுகிற நாளுக்குத்தான் இந்த வருடச் சீட்டு. நானும் ஒன்று வாங்கினேன்.

காலையில் ரொட்டி எடுத்துக்கொண்டு போனேன். "அக்கா! அக்கா!" வெள்ளியாக ஒன்று, பின்னாலேயே நாலைந்து, நிற்காமல் மேலே போயின. மீன் எங்கே கயிறு இழுக்கும்? அவனே ப்ளக்கைப் பிடுங்கினான். 9:52.

என் சீட்டு ஆறு நாள் தள்ளி. அதைச் சொல்லத் திரும்பினால் நாற்காலி காலி. செருப்பைக்கூடக் கழற்றாமல், முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று மீனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.