நாலு கட்டையில வாசிச்சது, அஞ்சு கட்டையில கேட்டது

இன்னாங்க,

இன்னைக்குக் காலையில மிக்ஸியில தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டு மூடியை அழுத்திப் பிடிச்சேன். அதுக்குள்ள மாடியிலிருந்து டீச்சரம்மா குரல் வந்தது. நம்ம மாடிக்குப் புதுசா குடி வந்தவங்க, புல்லாங்குழல் வாசிப்பாங்க.

"அக்கா, அஞ்சே நிமிசம் சும்மா இருங்கக்கா. போன்ல ரெக்கார்டு பண்ணிக்கினு இருக்கேன். காலையிலேர்ந்து இதோட பதினோரு தடவை ஆச்சு!"

அவ்வளவுதான். என் கை மூடி மேலேயே நின்னு போச்சு. மூச்சும் நின்னு போச்சு. சத்தம் போடக் கூடாதுன்னு வளையலைக் கூட இன்னொரு கையால பிடிச்சுக்கினேன். முடிச்சுட்டு எட்டிப் பார்த்த டீச்சரம்மா, "அய்யோ, வெச்ச கையை எடுக்காம நிக்கிறீங்களே!"ன்னு சிரிச்சாங்க. எனக்கு இதை யார் பழக்கினதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? பொண்டாட்டிக்கு சைக்கிள் சொல்லிக் குடுத்த புருசன் உண்டு, கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுத்த புருசன் உண்டு. சிலையாட்டம் நிக்கச் சொல்லிக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்.

நீங்க போய் ரெண்டு வருசம் ஆகப் போவுது. உங்ககிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லாம மறைச்சு வச்சிருக்கேன். இன்னைக்கு எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நீங்க திருப்பிப் பேச முடியாதுங்கிற தைரியமும் கொஞ்சம் இருக்கு.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த காலம் அது. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தாங்க. மணலூர்பேட்டைக்கும் பஸ் இல்லை, திருக்கோவிலூருக்கும் பஸ் இல்லை. கரும்பு வண்டி ஓடலை, கடைங்க சாத்திக் கிடந்தது. நமக்குக் கல்யாணமாகி ஏழு மாசம், எனக்கு மூணு மாசம். மில்லுல உங்களுக்கு இருந்த சீசன் வேலையும் நின்னு போயிருந்தது. மேஸ்திரி ஒருத்தர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு ஆள் சேர்த்துக்கினு இருந்தாரு. "ரோடு தெறந்த அன்னைக்கே லாரி கிளம்பிடும். நீயும் ஏறிக்க"ன்னு உங்ககிட்டயும் சொல்லிட்டுப் போயிருந்தாரு. ஏறினா திரும்பி வர ஒரு வருசம் ஆகும். பொறக்கப் போற புள்ளை அப்பன் முகத்தை எப்ப பார்க்கும்னு நான் வாய் விட்டுக் கேக்கலை. ஆனா அதையேதான் நினைச்சுக்கினு கிடந்தேன்.

அப்பத்தான் ஆத்துக்கு அந்தாண்டை இருந்த கூத்து வாத்தியார் பால்காரர் மூலமா சொல்லி அனுப்பினாரு. "எங்க ஆர்மோனியப் பெட்டிக்காரர் வயசாயி ஒதுங்கிட்டாரு. உன் கை நல்லாருக்குன்னு கேள்விப்பட்டேன். ரோடு இல்லை, நேர்ல வரவேணாம். உன் ஆர்மோனியத்தைக் கேசட்டுல புடிச்சு அனுப்பு, கேட்டுட்டுச் சொல்றேன்."

ஆர்மோனியம் உங்களது. டேப்பு என் சீர்ல வந்தது, எங்க அண்ணன் வாங்கிக் குடுத்தது. கேசட்டும் என்னுதுதான், சினிமாப் பாட்டுக் கேசட்டு. அதோட தலையில இருந்த ரெண்டு ஓட்டையைக் காகிதத்தால அடைச்சா பாட்டு மேலேயே பதிவு பண்ணலாம்னு நீங்க சொன்னப்போ எனக்கு வயிறு எரிஞ்சது.

"என் பாட்டெல்லாம் அழிஞ்சு போயிடுங்களே?"

"ஒரு பக்கம்தாம்மே. இன்னொரு பக்கம் உனக்கு."

"ஏழு மாசத்துல நீங்க எனக்குக் குடுத்த சொத்து அதான்."

வூட்டுல அப்போ கரண்ட் கிடையாது. சாத்திக் கிடந்த மளிகைக் கடையோட பின்கதவைத் தட்டி, கடைக்காரர்கிட்ட நாலு புது பேட்டரி வாங்கி வந்தீங்க. "இது தீந்தா வேற கிடைக்காது. இதை நம்பித்தான் இருக்கேன்"னு எங்கிட்ட ஒரு தடவைக்கு மூணு தடவை சொன்னீங்க.

பஸ்சு இல்லை, மில்லு சங்கு இல்லை, இந்த அமைதி திரும்பக் கிடைக்காதுன்னு சந்தோசமா உக்காந்தீங்க. உக்காந்த பெறகுதான் தெரிஞ்சது, ஊர் அடங்கினா வூட்டுச் சத்தம்லாம் பெருசாயிடுதுன்னு. டேப்பைப் பக்கத்துல வச்சா பெட்டியோட துருத்தி 'புஸ்ஸு புஸ்ஸு'ன்னு மூச்சு விடுறதுதான் கேட்டது, பாட்டைக் காணோம். தள்ளி வச்சா தெருவே உள்ள வந்துடுச்சு. என் புடவையில தூளி கட்டி உத்திரத்துல தொங்க விட்டீங்க. அது ஆடினதுல சத்தம் ஒருக்கா பெருசாவும் ஒருக்கா சின்னதாவும் வந்தது. கடைசியில ரெண்டு கேப்பை மூட்டைக்கு நடுவுல டேப்பை வச்ச பெறகுதான் கொஞ்சம் நல்லா விழுந்தது.

அந்த வெடைக்கோழியை மறந்திருக்க மாட்டீங்க. ஒரு தப்பும் இல்லாம கடைசி வரைக்கும் வந்துட்டீங்க. அந்த நேரம் பார்த்து அது கூடைக்குள்ள முட்டை போட்டுட்டு ஊரைக் கூட்டிச்சு.

"இன்னைக்கே இதை அடிச்சுக் கொழம்பு வையி!"

"உங்க வாசிப்பு புடிச்சுப் போய்த்தாங்க முட்டையே போட்டுச்சு. மொத ரசிகையைப் போய்க் கொழம்பு வைக்கச் சொல்றீங்களே."

எதிர் வூட்டு மாமாவுக்கும் வேலை இல்லாத நாளு. வாசக்கதவைத் திறந்து தலையை நீட்டி, "சபாஷ் மாப்ளே! அப்டித்தான்!"னாரு. அதோட அந்தப் பதிவும் போச்சு.

எல்லாத்தையும் விட டேப்புல பதியறதுக்குன்னு இருந்த அந்தச் சிவப்புப் பொத்தான்தான் உங்களைப் பாடாப் படுத்திச்சு. பொத்தானை அமுக்காத வரைக்கும் விரல் மீனாட்டம் துள்ளும். அமுக்கினா வெறகுக் கட்டை. மொதமொதல்ல உங்க வாசிப்பை நீங்களே போட்டுக் கேட்டீங்க பாருங்க, அந்த மூஞ்சியை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"யாரும்மே இது, நடுவுல மூக்கு உறிஞ்சுறது?"

"நீங்கதான்."

"நானா? எப்பலேர்ந்து?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து கேட்டுக்கினுதான் இருக்கேன். ஒரு மெட்டுலேர்ந்து இன்னொரு மெட்டுக்கு மாறச்சொல்லோ ஒரு உறிஞ்சல். பெட்டியில அதுக்கும் ஒரு கட்டை இருக்குதுன்னு நினைச்சேன்."

மொறைச்சீங்க. பெறகு சிரிச்சீங்க. பெறகு மறுபடியும் பொத்தானை அமுக்கினீங்க.

இப்போ என் விஷயத்துக்கு வரேன். காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம், ரோட்டு நெலவரம் பார்க்கக் கூட்ரோடு பக்கம் போயிடுவீங்க. நீங்க தெருமுனை தாண்டினதும் நான் கேசட்டைத் திருப்பிப் போட்டு, எனக்குன்னு குடுத்த பக்கத்தைக் கேட்டேன். அழிஞ்ச பக்கத்துக்காக மனசு கேக்கலைங்க. ஒரே ஒரு பாட்டு கேட்டுட்டு வச்சிடலாம்னுதான் ஆரம்பிச்சேன். முழுசா ஓடி முடிஞ்சுது. மறுநாளும் முழுசா. மூணாம் நாள் ரெண்டு தடவை. வாசல்ல உங்க செருப்புச் சத்தம் கேட்டதும் கேசட்டைத் திருப்பி, ஒண்ணும் தெரியாதவளாட்டம் மொறத்தை எடுத்துக்கினு உக்காந்துடுவேன்.

நாலாம் நாள் மத்தியானம் அந்தப் பதிவு நல்லபடியா விழுந்தது. கோழியைக் கூடையோட எதிர் வூட்டுல விட்டிருந்தேன், மாமாவை அதுக்குக் காவல் வச்சிருந்தேன். நான் மூட்டையில சாஞ்சுக்கினு வளையலைக் கையால பொத்தி, மூச்சைப் புடிச்சு உக்காந்திருந்தேன். நீங்க என்னைப் பார்த்துக்கினே வாசிச்சீங்க. பொத்தான் ஞாபகமே வரலைன்னு பெறகு சொன்னீங்க. போட்டுக் கேட்டோம். நல்லாத்தான் இருந்தது. பால்காரர் சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கினு ஆத்து மணல்ல எறங்கி, கேசட்டைக் கொண்டு போனாரு.

மறுநாளே பதில் வந்தது. "அஞ்சு கட்டையில இந்த வேகமா! ரோடு தெறந்ததும் ஒத்திகைக்கு வா"ன்னு வாத்தியார் சொல்லி அனுப்பியிருந்தாரு.

"நான் வாசிச்சது நாலு கட்டையாச்சே?"ன்னு தலையைச் சொறிஞ்சீங்க.

"பெரியவர் ஒரு கட்டை கூடச் சொன்னா வேணாம்னா சொல்லுவாங்க?"ன்னேன் நான். சுருதியில ஒரு கட்டை ஏறினா எவ்வளவு தூரம்னு எனக்கு இன்னா தெரியும்.

ரோடு தெறந்தது. மேஸ்திரி, "நாளைக்குக் காலையில லாரி"ன்னுட்டுப் போனாரு. நீங்க ஒத்திகைக்குப் போயிட்டு அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கினு திரும்பி வந்தீங்க. அங்க நடந்ததை நீங்க சொன்னது அப்படியே நினைவுல இருக்கு. நீங்க வாசிக்க வாசிக்க வாத்தியார், "இன்னும் கை சூடாவலியா தம்பி?"ன்னு கேட்டாராம். பெறகு கரண்டுல ஓடுற அவரு செட்டுல நம்ம கேசட்டைப் போட்டாராம். பெட்டி ஒரு கட்டை ஏறி, குதிரையாட்டம் ஓடிச்சாம். முடிஞ்ச கையோட என் சினிமாப் பாட்டு ஒண்ணு பாதியிலேர்ந்து வேற பாடிச்சாம்.

"இதுல வாசிக்கிறது யாரு, உங்க அண்ணனா?"ன்னு கேட்டிருக்காரு.

அந்த எடத்துல உங்களுக்குப் புரிஞ்சு போச்சு. பதியும்போது பேட்டரி எறங்கி டேப்பு மெதுவாச் சுத்தியிருக்கு. அதே பேட்டரியில நாம கேட்டதால நமக்கு வித்தியாசம் தெரியலை. நல்ல செட்டுல போட்டதும் வேகமும் ஏறிச்சு, சுருதியும் ஏறிச்சு. மறைக்காம உள்ளதைச் சொல்லிட்டீங்க. அவரு ரொம்ப நேரம் சிரிச்சாராம். "தை வரைக்கும் டைம் தரேன். இந்தப் பேட்டரிக்காரன் வேகத்தை நீ புடிச்சிட்டா, நீதான் எங்க பெட்டிக்காரன்"னு சொல்லி, கேசட்டை உங்க கையிலயே குடுத்து அனுப்பிட்டாரு.

"அதெல்லாம் ஆவாத காரியம். காலையில லாரி ஏறிடறேன்"ன்னீங்க.

அன்னைக்குத்தான் மொத தடவையா உங்களை எதிர்த்துப் பேசினேன். "ஏறாதீங்க. அந்தாளு வேகத்தை நீங்க புடிச்சிடுவீங்க. புடிக்காம போனா, நானே தையில உங்களை லாரி ஏத்தி விடறேன்." எனக்கு எங்கேருந்து அந்த நம்பிக்கை வந்ததுன்னு அப்போ கேட்டீங்க. விரலைத் தினமும் பார்க்கிறவளுக்குத் தெரியாதான்னு மழுப்பிட்டேன். பேட்டரியைத் தீத்தவ நாந்தானே, உங்களை அப்படியே லாரி ஏற விட்டுட்டு நான் எப்படித் தூங்குவேன்?

லாரி உங்களை விட்டுட்டுப் போச்சு. நீங்க புது பேட்டரி போட்டு, கேசட்டை ஓட விட்டு, தினமும் கூடவே வாசிச்சீங்க. சோறு போடும்போது, "இன்னைக்கு யாரு ஜெயிச்சது?"ன்னு கேப்பேன். "அவன்தான்"ம்பீங்க. ஐப்பசி மழை முழுக்க அவன்தான் ஜெயிச்சான். கார்த்திகையில ஒரு நாள் நான் வாசல்ல சாணி தெளிச்சுக்கினு இருந்தேன். உள்ளே ஒரே ஒரு ஆர்மோனியம்தான் கேட்டுது. சரி, டேப்பை நிறுத்திட்டீங்கன்னு நினைச்சேன். அது முடிஞ்ச எடத்துல என் சினிமாப் பாட்டு பாதியிலேர்ந்து தொடங்கிச்சு. அப்பத்தான் புரிஞ்சது, ரெண்டு பேரும் ஒண்ணாவே வந்து முடிச்சிருக்கீங்க. தெளிச்ச கையோட உள்ள ஓடியாந்தேன்.

அதுக்கப்புறம் இருபத்தெட்டு வருசம் நீங்கதான் அவங்க பெட்டிக்காரர். பெங்களூரை நீங்க கடைசி வரைக்கும் பார்க்கலை. பொண்ணு பொறந்தப்போ வாசல்லயே நின்னீங்க.

பழைய பேட்டரியைத் தலையில கட்டிட்டாருன்னு அந்த மளிகைக் கடைக்காரர்கிட்ட மட்டும் சாகுற வரைக்கும் நீங்க ஒரு தீப்பெட்டி கூட வாங்கலை. பாவங்க அவரு. உங்க காரியத்துக்கு வந்தவர்கிட்ட ஓரமா நின்னு உண்மையைச் சொன்னேன். அவரு நெத்தியில அடிச்சுக்கினாரு. "நான் குடுத்தது பழசுன்னு நானே நம்பிட்டேன்மா!" இப்போ மாசாமாசம் சாமான் அங்கதான் வாங்குறேன். உங்களுக்குக் கோவம் வந்தா வரட்டும்.

அந்தக் கேசட்டுல இருந்ததைப் பொண்ணு போன்ல ஏத்தி வச்சிருக்கா. கேக்கிறவங்க எல்லாம், "இன்னா வேகம்!"னு வாய் பொளக்கிறாங்க. ஆனா அன்னைக்கு மத்தியானம் நீங்க வாசிச்சது அது இல்லை. நாலு கட்டையில, நின்னு நிதானமா, என்னைப் பார்த்துக்கினே வாசிச்சது வேற. அது எந்த டேப்புலயும் இல்லை. அந்த ரூமுல உக்காந்து கேட்டவ நான் ஒருத்திதான். துணி மடிக்கும்போது சில நாள் அது தானா வாயில வரும்.

"அம்மா, ஸ்லோவா பாடறே நீ"ம்பா பொண்ணு.

"போடி. இதான் சரியான ஸ்பீடு"ம்பேன்.