முப்பது வருட ஸ்காட்ச்

அன்புள்ள மைத்துனனுக்கு,

சொல்ல வேண்டியவை மூன்று:

1. நீ கொண்டுவந்த முப்பது வருட ஸ்காட்ச் போலி.
2. அது உனக்குத் தெரியாது.
3. அது அசல் என்று நான் கொடுத்த சான்றிதழைத் திரும்பப் பெறுகிறேன்.

காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வாசனையே தெரிவதில்லை என்பதை உன் ஒருவனிடம்தான் சொல்லியிருந்தேன். மது மதிப்பிடுபவனுக்கு மூக்குதானே பிழைப்பு. அன்று நிறம் பார்த்தேன். கோப்பையைச் சுழற்றி, துளிகள் மெல்ல இறங்குவதைப் பார்த்தேன். வாசனைக்கு உன்னைத்தான் கேட்டேன்.

"பழைய மரப்பீப்பாய் வாசனை, அருமை! கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க அத்தான்" என்றாய். போட்டேன்.

மறுநாள் மாதிரிப் புட்டியின் மிச்சத்தைக் கொட்டப் போன உன் அக்கா முகம் சுளித்தாள். "என்னங்க இது, ஸ்பிரிட்டுல சர்க்கரையைக் கருக்கி ஊத்தின மாதிரி அடிக்குது! இதுக்கா கையெழுத்து?" ஒரு சொட்டும் குடித்தறியாதவள். அவளிடம் அப்போதுதான் என் குறையைச் சொன்னேன்.

மூன்றாவதை முடித்துவிட்டேன். நீ அந்தச் சரக்கை விற்கக் கொடுத்த ஏல நிறுவனத்துக்கு என் மூக்கைப் பற்றியும் சேர்த்தே எழுதிவிட்டேன். இனி அங்கே எனக்கு வேலை இராது.

இரண்டாவதற்கு வரும்போதுதான் பேனா நின்றது. அன்று மூடியைத் திறக்குமுன், "அக்கா, நீ வெளியில இரு, இந்த நெடி உனக்கு ஆகாது" என்று அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாய். அவள் பக்கத்திலிருக்க எத்தனையோ புட்டிகள் திறந்திருக்கிறோம். ஒருநாளும் நீ அப்படிச் சொன்னதில்லை.

இரண்டாவது தவறு. அந்த வரியை நான் அடித்து நீக்கவில்லை. அப்படி நம்பித்தான் இக்கடிதத்தைத் தொடங்கினேன் என்பதை நீ பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்