மாதாவின் மஞ்சள் முடி

சான் ஹசிந்தோ,
மார்ச் 11, 2009

அதைத்தான் சொல்ல வந்தேன் யெசேனியா, நீ ஹூஸ்டன்லேர்ந்து அனுப்பின அந்த முடியை! வியாகுல மாதா சிலை தலையில சாமியார் அதை மாட்டினதும் நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். மஞ்சள் நைலான், சுருட்டை சுருட்டையா. பெத்த மகனைப் பறிகொடுத்துட்டு நிக்கிற தாய் இப்படியா கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருப்பா? "மாதா எந்த பார்லருக்குப் போய்ட்டு வந்தாங்க?"ன்னு மணியடிக்கிற ரெஃபுஹியா கேட்டா. பூசை நேரத்துல சிரிப்பு!

உங்கம்மா கண்ணை மூடி இன்னும் வருஷம் திரும்பலை. மாதாவுக்கு உடுத்தறப்போ அக்கா ஒரு ஆம்பளையை உள்ள விட்டிருப்பாளா? சாமியாரையே "வெளிய நில்லுங்க ஃபாதர், அம்மா உடுப்பு மாத்துறாங்க"ன்னு விரட்டினவ. வெள்ளிக்கிழமையானா ஜெயில்ல கிடக்கிறவங்களுக்குத் சோளமாவுல தமாலே அவிச்சுத் தூக்கிட்டுப் போவா. நாதியத்த பொணத்தைக் கூப்பிடாமலே போய்க் குளிப்பாட்டுவா. எண்பது தாண்டியும் முட்டி போட்டு, தரையில சிந்தின மெழுகைச் சுரண்டினா. அவ பேரைச் சொல்லி இந்தக் கண்றாவியா? தூ! நான் கழட்டிடப் போறேன்.

ஜெபத்தோட,
சித்தி எவரில்டா

ஹூஸ்டன்,
மார்ச் 24

அன்புள்ள சித்திக்கு,

கழற்றாதீர்கள். அம்மாவின் அடக்கத்துக்கு என்னால் வர முடியவில்லை. அவர் பாடுபட்ட கோவிலில் என் கையால் ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்றுதான் அனுப்பினேன். பூச்சி அரித்த பழைய முடியைத் தூக்கிப் போடும்படி ஃபாதரிடம் சொன்னதும் நான்தான். புதியதை எடுத்துவிட்டால், மே மாதம் அம்மாவின் வருடப் பூசைக்கு நான் வரமாட்டேன்.

யெசேனியா

சான் ஹசிந்தோ,
ஏப்ரல் 6

யெசேனியா கண்ணு,

கழட்டலை, போதுமா? நீ வந்து சேரு. அந்த மஞ்சளைப் பாக்கச் சகிக்காம கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஜெபமாலை சொல்றேன், மாதா மன்னிக்கட்டும். பழைய முடி சாமியார் வீட்டுக் குப்பையில, வாழைப்பழத் தோலோட கிடந்துச்சு. சீ! எடுத்து சோப்புப் போட்டு அலசி, வெயில்ல காய வெச்சேன். அரிச்சது போக மிச்சம் கன்னங்கரேல்னு இருக்கு.

உன் சித்தி,
எவரில்டா

பி.கு: கவரை ஒட்டப்போறப்பதான் ஞாபகம் வருது. நீ கைக்குழந்தையா கக்குவான் இருமல்ல மூச்சுத் திணறிக் கிடந்தப்போ நான் சின்னப் பொண்ணு. அக்காவுக்கு இடுப்புவரை தொங்கின முடி. அந்தத் தவக்காலம் பூரா தலையில துணி கட்டிக்கிட்டே திரிஞ்சா. கேட்டதுக்கு, "பேன் தாங்கலைடி, ஒட்ட வெட்டிட்டேன்"னா. அதுவரைக்கும் மாதாவுக்கு வெறும் முக்காடுதான். அந்த வருஷம் பெரிய வெள்ளிக்குத்தான் முதல் முதலா இந்தக் கறுப்பு முடியை வெச்சாங்க.