சிலிண்டர் தேய்த்த ஒன்பது நாள்

அம்பிட்டிய, 3 ஜனவரி 1936, வெள்ளி

புசல்லாவைப் பாடசாலையில் டீச்சர் வேலை கிடைத்துவிட்டது! பதின்மூன்றாம் திகதி காலை அங்கே நிற்க வேண்டும். கிழமை நாட்களில் கன்னியர் மடத்தில் தங்கிக்கொண்டு சனிக்கிழமை வீட்டுக்கு வரலாம்.

என் வீட்டுக்காரர் சுவக்கினோ எங்கள் பஸ்ஸின் எஞ்சினைக் கழற்றி முற்றமெல்லாம் பரப்பி வைத்திருக்கிறார். "நம்ம பஸ்லயே கொண்டு போய் விடுறேன், மதலேனா. பஸ்காரன் பொண்டாட்டி அடுத்தவன் பஸ்ல போனா கண்டி ஸ்டாண்டே சிரிக்கும்" என்றார். சரி என்றேன்.

7 ஜனவரி

கை டிரில்லில் மூன்று சாணைக்கல் பூட்டி, மண்ணெண்ணெய் விட்டு, எஞ்சின் சிலிண்டரின் உட்புறத்தை மேலும் கீழுமாகத் தேய்க்கிறார். பழைய வழவழப்புப் போய் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல் விழ வேண்டுமாம். அப்போதுதான் எண்ணெய் நிற்குமாம், பிஸ்டனின் புது ரிங் பதியுமாம். கீறல்தான் நேற்றே விழுந்துவிட்டதே, நானே விரல் விட்டுப் பார்த்தேனே - இன்னும் எதற்குத் தேய்ப்பு? கேட்டால், "உனக்கு என்ன தெரியும்?"

எனக்கா தெரியாது? ஒவ்வொரு நாளும் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு அந்த அழுக்கைக் கழுவுகிறவள் யார்?

9 ஜனவரி

இன்றும் கர், கர். காது புளித்துவிட்டது. சோற்றைத் தீய விட்டேன். வேண்டுமென்றுதான்.

11 ஜனவரி, சனி

பிஸ்டனை இறக்கினார்கள். லொடலொடவென்று ஆடுகிறது.

இவரோடு வேலை செய்யும் அமலதாஸ் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "திங்கக்கிழமையே போதும்னேன், அக்கா. அண்ணன் கேக்கல." சிலிண்டர் அளவுக்கு மேல் தேய்ந்துவிட்டது. கொழும்பிலிருந்து பெரிய பிஸ்டன் வரும்வரை பஸ் ஓடாது.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுக்கிறார்: "வேலை முடிஞ்சா நீ போயிருவ. பதின்மூணு தாண்டட்டும்னுதான்... சும்மா உக்காந்தா உனக்குத் தெரிஞ்சிருமேன்னு தேச்சேன்."

அட பாவி மனுஷா! போகாதே என்று வாயைத் திறந்து சொன்னால் என்ன? சண்டை பிடித்திருப்பேன், நேருக்கு நேர். சிரித்துக்கொண்டே கழுத்தறுத்துவிட்டாரே! இந்த எரிச்சலோடு நாளைக்குப் பூசையில் எப்படி நான் நற்கருணை வாங்குவேன், ஆண்டவரே?

13 ஜனவரி, திங்கள்

இவருக்குப் போட்டியாக அதே பாதையில் ஓடும் மஹ்மூத் நானாவின் பஸ்ஸில் ஏறினேன். ஸ்டாண்டில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். "சுவக்கின்ட வீட்டுக்காரியா? ஏறுங்க தங்கச்சி, எடமிருக்கு" என்றார் நானா. ஒருவரும் சிரிக்கவில்லை.

பாடசாலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

18 ஜனவரி

வீட்டுக்குப் போகவில்லை. முடியாது.

25 ஜனவரி, சனி

மாற்றுப் புடவை இல்லை. போய்த்தான் ஆக வேண்டும். புசல்லாவைச் சந்தியில் மஹ்மூத் நானாவின் பஸ் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இவர். பிஸ்டன் இன்னும் வரவில்லையாம், நானாவிடம் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டாராம்.

பக்கத்து ஆசனத்தைத் துவாயால் துடைத்து, "இங்க வா, மதலேனா" என்றார்.

நான் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன்.