அடைத்த துளைகள்

செவ்வாய் இரவு, இல்ஃபோர்ட்

லண்டனுக்கு வெளியே இருக்கும் அந்தப் பழைய மாளிகைத் தோட்டத்தில், மேட்டுப் பகுதியின் மண்ணைத் தாங்கும் செங்கல் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. போன வருடம் நேராகத்தான் நின்றது. அப்போது பழுதுகளைப் பட்டியலிட்டவள் நான். அதன்படி வேலை செய்தவர் மேசன் சிவம் அண்ணை.

இன்று அவர் சுவரின் அடியில் அடைத்திருந்த ஒரு துளையைக் கம்பியால் குத்தினார். பழுப்புத் தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

“தங்கச்சி, இது சாந்து உதிர்ந்த ஓட்டை இல்லை. மண்ணுக்குள்ள நிக்கிற தண்ணி போறதுக்கு அந்தக் காலத்திலயே விட்ட வழி.”

அப்படி இருபத்தொரு துளைகள். பழுதென்று நினைத்து எல்லாவற்றையும் அடைக்கும்படி எழுதியிருந்தேன்.

தோட்ட நிர்வாகி வந்து, அடைத்தது யார் என்று கேட்டார். தான்தான் என்று அண்ணை உடனே சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேனில் திரும்பும்போது, “நானும் அண்டைக்கு, அடைக்க முதல், உங்களைக் கேட்டிருக்க வேணும். விடுங்கோ,” என்றார்.

சாப்பிட்டபின் நிர்வாகிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அடைக்கச் சொன்னது நான், மேசன் மேல் பிழையில்லை என்று எழுதினேன். அது சுலபமாகவே இருந்தது. அண்ணையிடம்தான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

காலை ஏழு மணிக்கு அண்ணை வேனோடு வாசலில் நிற்பார்.